டெம்பிள்ஸ் வழியாக அறுபதுகளின் சைக்கடெலிக் ராக்: புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டெம்பிள்ஸ் குழுவின் ‘ஷெல்டர் சாங்’ பாட்டை, யார் பாடியது என்று சொல்லாமல் யாருக்காவது போட்டுக் காட்டுங்கள். பழைய ராக் கேட்டுப் பழகியவராக இருந்தால் 1966, 1967 என்று ஏதாவது ஓர் ஆண்டைச் சொல்வார். கிட்டார் கலகலவென்று தொடங்குகிறது. குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, பெரிய கூடத்தின் மறுகோடியிலிருந்து வருவதுபோல் வருகின்றன. ஆனால் பாட்டு வெளியானது 2012ல். குழுவின் ஊர் இங்கிலாந்தில் நார்த்தாம்ப்டன்ஷயரில் உள்ள கெட்டரிங் என்ற சிறு நகரம்.

அறுபதுகளின் சைக்கடெலிக் ராக்கை, அதாவது கனவில் மிதப்பதுபோல் விநோதச் சத்தங்களால் கட்டிய ராக் இசையை, இன்று கையில் எடுத்திருக்கும் இண்டி குழுக்கள் (பெரிய இசை நிறுவனங்களைச் சாராதவை) உலகம் முழுக்க நிறைய இருக்கின்றன. புதிதாகக் கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இடத்தில் திணறிப்போகிறார்கள். ‘கேட்டே ஆக வேண்டிய நூறு ஆல்பங்கள்’ மாதிரி ஒரு பட்டியலை எடுத்து வரிசையாகக் கேட்கத் தொடங்கிப் பத்தாவதில் சலித்துப்போகிறார்கள். இல்லையென்றால், பத்து இருபது நிமிடம் ஓடும் ஒரு வாசிப்பில் நேராகப் போய் விழுந்து, தலையும் புரியாமல் வாலும் புரியாமல் விட்டுவிடுகிறார்கள்.

நான் சொல்லும் வழி வேறு. இன்றைய குழு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரே ஓர் ஆல்பத்தை நன்றாகக் கேளுங்கள். அதிலிருக்கும் சத்தங்கள் எங்கிருந்து வந்தன என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போங்கள். இந்த இசையின் உயிர் பூப்போட்ட சட்டையிலோ நெளியும் எழுத்துப் போஸ்டரிலோ இல்லை, ஒலிப்பதிவுக் கூடத்தில் இருக்கிறது. நாலே நாலு டிராக் (தனித்தனியாக ஒலி பதியும் தடம்) கொண்ட டேப் எந்திரத்தை வைத்துக்கொண்டு, அதுவரை யாரும் கேட்டிராத ஒரு சத்தத்தை எப்படியாவது எடுத்துவிட வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்களின் இசை இது. அதைப் பிடித்துக்கொண்டால், இன்றைய குழுக்களில் யார் உண்மையாகச் செய்கிறார்கள், யார் வேஷம் மட்டும் போடுகிறார்கள் என்பதும் காதுக்குப் பிடிபட்டுவிடும்.

கேட்பதற்கு முன்

இரண்டு காதிலும் மாட்டும் ஹெட்ஃபோன் வேண்டும். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. ஒற்றைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிற பழக்கம் மட்டும் இங்கே உதவாது. அறுபதுகளின் ஸ்டீரியோ பதிவுகளில் டிரம்ஸ் முழுக்க ஒரு பக்கமும் குரல் முழுக்க மறுபக்கமும் இருப்பது சகஜம். ஒரு காதை விட்டால் பாதிப் பாட்டு போய்விடும். ஃபோன் ஸ்பீக்கரும் வேண்டாம். இந்த இசையில் மெட்டைத் தூக்கிச் செல்வது பல நேரம் பேஸ் கிட்டார்தான், அது ஃபோன் ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காது.

ஷஃபிளை அணைத்துவிடுங்கள். பேஸைக் கூட்டுவது, சுற்றொலி தருவது என்று ஃபோனில் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அதையும் அணையுங்கள். பாட்டுக்குள்ளேயே போதுமான தந்திரங்கள் இருக்கின்றன.

பழைய ஆல்பங்களைத் தேடும்போது மோனோ (இரண்டு காதிலும் ஒரே ஒலி), ஸ்டீரியோ (இரண்டு காதுக்கும் பிரித்த ஒலி) என்று இரண்டு வடிவம் கண்ணில் படும். அன்றைய இங்கிலாந்தில் பெரும்பாலான வீடுகளில் மோனோ கருவிதான் இருந்தது. அதனால் குழுவினர் பக்கத்தில் உட்கார்ந்து கவனமாகச் செய்தது மோனோ மிக்ஸ், ஸ்டீரியோவை அப்புறம் வேகமாக முடித்துவிடுவார்கள். குரல் ஒரே காதில் ஒலிப்பது உங்களுக்கு உறுத்தினால் மோனோ வடிவத்தைத் தேடிப் போடுங்கள். பல பாட்டுகள் அதில்தான் ஒரே உடலாக நின்று அடிக்கும்.

படி 1: ஒரே ஓர் ஆல்பம்

டெம்பிள்ஸின் முதல் ஆல்பம் ‘சன் ஸ்ட்ரக்சர்ஸ்’. ஹெவன்லி ரெக்கார்டிங்ஸ் 2014 பிப்ரவரியில் வெளியிட்டது. மொத்தம் 12 பாட்டுகள். பாடகரும் கிட்டார் கலைஞருமான ஜேம்ஸ் பேக்‌ஷாவின் வீட்டிலேயே, ஒரு சின்ன அறையில் பதிவானது. தயாரிப்பும் அவரே. ஆல்பத்தைக் கேட்டுவிட்டு இந்தத் தகவலைத் தெரிந்துகொண்டால் ஆச்சரியமாக இருக்கும், ஏனென்றால் கேட்கும்போது ஒரு தேவாலயம் அளவுக்கு இடம் இருப்பதாகத் தோன்றும். அந்த இடம் முழுவதும் ரிவர்பாலும் (கூடத்தில் ஒலி தங்கி முழங்குவது) எக்கோவாலும் கட்டி எழுப்பியது.

அட்டைப் படத்தையும் ஒரு நிமிடம் பாருங்கள். குழுவினர் நிற்பது ரஷ்டன் முக்கோண மாளிகையின் முன்னால். கெட்டரிங்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தாமஸ் டிரெஷம் என்ற கத்தோலிக்கப் பிரபு 1593க்கும் 1597க்கும் இடையில் கட்டியது. மூன்று சுவர், மூன்று மாடி, பக்கத்துக்கு மூன்று மூன்றாக ஜன்னல்கள். தன் நம்பிக்கைக்காகச் சிறை சென்றவர், ஒரே கடவுள் மூவராக இருக்கிறார் என்ற திரித்துவத்தை இப்படிக் கல்லில் மறைத்து வைத்தார். சைக்கடெலிக் ராக் என்றதும் கலிஃபோர்னியாவின் வெயிலைத் தேடிப் போகாமல், தங்கள் ஊர்ப் பக்கத்து விசித்திரத்தை அட்டையில் வைத்தார்கள் பாருங்கள், அந்த முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆங்கிலேய சைக்கடெலிக் இசையே அப்படித்தான்: அமெரிக்கர்கள் சாலையையும் பாலைவனத்தையும் பாடினால், இவர்கள் தோட்டத்தையும் குழந்தைக் கதைகளையும் பழைய கட்டடங்களையும் பாடுவார்கள்.

முதலில் ‘ஷெல்டர் சாங்’, ‘கீப் இன் த டார்க்’, ‘மெஸ்மரைஸ்’ இந்த மூன்றையும் தனியாகக் கேளுங்கள். மூன்றிலும் வாய்விட்டு முணுமுணுக்கக்கூடிய மெட்டு இருக்கிறது. அப்புறம் ஆல்பத்தை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முதல் தடவை எதையும் ஆராய வேண்டாம். பாட்டு வரிகளின் அர்த்தத்தைத் துரத்தவும் வேண்டாம். சூரியன், நிறம், பருவம் என்று சொற்கள் மிதந்து வரும். அவை கதை சொல்வதற்காக வரவில்லை, சத்தத்தோடு சத்தமாகக் கலப்பதற்காக வருகின்றன.

இரண்டாம் தடவை பேஸ் கிட்டாரை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். குரலோ கிட்டாரோ இழுத்தாலும் போகாதீர்கள். ஆல்பத்தை இவ்வளவு நேரம் நகர்த்திக்கொண்டிருந்தது யார் என்பது அப்போது தெரியும்.

படி 2: சத்தங்களை அடையாளம் காண்பது

இங்கே அவசரப்படாதீர்கள். இந்த இசையின் மொழியே ஒரு கைப்பிடி சத்தங்கள்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறந்த கதை இருக்கிறது.

கிட்டாரின் கரகரப்பிலிருந்து தொடங்கலாம். ஃபஸ் என்பார்கள். அமெரிக்காவின் நாஷ்வில்லில் மார்ட்டி ராபின்ஸ் பாடிய ‘டோன்ட் வொரி’ பதிவின்போது மிக்சிங் மேசையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகி, பேஸ் கிட்டாரின் தனி வாசிப்பு கிழிந்துபோன குரலில் பதிவானது. அதைத் தூக்கி எறியாமல் அப்படியே வெளியிட்டார்கள், 1961ல் பாட்டு ஹிட்டானது. அந்தப் பழுதை வேண்டும்போது வரவழைக்க ஒரு பெட்டி செய்தால் என்ன என்று யோசித்து, 1962ல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற, காலால் இயக்கும் பெடலைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். 1965ல் ரோலிங் ஸ்டோன்ஸின் ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ வந்த பிறகு எல்லோருக்கும் அது வேண்டியிருந்தது. உள்ளே நடப்பது எளிது: கிட்டாரிலிருந்து வரும் மின்னலையை அளவுக்கு மீறிப் பெருக்கினால், அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்படும். அந்த வெட்டுதான் புதிய மேல்சுரங்களை உண்டாக்கிக் கரகரப்பைத் தருகிறது.

அடுத்தது ஒரே சுரத்தில் நிற்பது. மேற்கத்திய பாப் இசை சில விநாடிக்கு ஒருமுறை கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு) மாற்றி மாற்றித்தான் முன்னே போகும். சைக்கடெலிக் இசை பல இடங்களில் அதை மறுத்து, ஆதாரமாக ஒரு சுருதியைப் பிடித்துக்கொண்டு அதன் மேலேயே எல்லாவற்றையும் கட்டுகிறது. இதன் ஊற்று எது என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன் 1965ல் ‘நார்வீஜியன் வுட்’ பாட்டில் சிதார் வாசித்தார். அமெரிக்காவின் பேர்ட்ஸ் குழுவினர் ரவிசங்கரையும் ஜாஸ் கலைஞர் ஜான் கோல்ட்ரேனையும் கேட்டுவிட்டுத்தான் 1966ல் ‘எய்ட் மைல்ஸ் ஹை’ செய்தார்கள். 1967 ஜூனில் மான்டரே பாப் விழாவில் ரவிசங்கர் ஒரு முழுப் பிற்பகல் வாசித்தார். தம்புராவைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, மற்றவர்கள் ‘ஒன்றுமே நடக்கவில்லையே’ என்று தவிக்கும் இடத்தில் நிம்மதியாக உட்கார முடியும். அந்தச் சலுகையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

பிறகு இரட்டைக் குரல். ஒரே பாட்டை இரண்டு தடவை பாடிச் சேர்த்தால் குரல் தடிமனாகும். பீட்டில்ஸின் ஜான் லெனனுக்கு இரண்டாவது தடவை பாடுவது பிடிக்காது. அதற்காகவே, அவர்கள் பதிவுசெய்த லண்டன் இஎம்ஐ கூடத்தின் பொறியாளர் கென் டவுன்செண்ட் 1966ல் ஒரு வழி கண்டுபிடித்தார். பாடிய குரலை இரண்டாவது டேப் எந்திரத்துக்கு அனுப்பி, துளி நேரம் பிந்தவைத்து, மூலத்தோடு சேர்த்துவிட்டார். ஒருவர் பாடியது இருவர் பாடியதாகிவிட்டது. இந்த இடைவெளியை இன்னும் சுருக்கி, கூட்டிக் குறைத்துக்கொண்டே இருந்தால் ஒலி முழுவதும் உள்வாங்கிச் சுழலும். அதை ஃப்ளாஞ்சிங் என்பார்கள். ஸ்மால் ஃபேசஸ் குழுவின் ‘இட்சிகூ பார்க்’ (1967) பாட்டில் டிரம்ஸ் மேலெழும் இடங்களைக் கேளுங்கள், ஒரு தடவை கேட்டால் மறக்காது.

திருப்பிப் போட்ட டேப்பை அடையாளம் காண்பது சுலபம். கிட்டார் கம்பியைத் தட்டினால் ஒலி சட்டென்று பிறந்து மெதுவாகத் தேய்கிறது. டேப்பைத் திருப்பினால் எதுவுமில்லாததிலிருந்து ஊதிப் பெருகி வந்து பட்டென்று அறுந்துவிடும்.

கடைசியாக மெல்லோட்ரான். பார்க்க ஆர்கன் மாதிரி இருக்கும் கருவி, 1963 முதல் பர்மிங்ஹாமில் தயாரானது. ஒவ்வொரு கட்டைக்கும் பின்னால் ஒரு டேப் துண்டு. அதில் புல்லாங்குழலோ வயலினோ முன்பே பதிவாகி இருக்கும். கட்டையை அழுத்தினால் டேப் ஓடும், சுமார் எட்டு விநாடியில் தீர்ந்துபோகும். டேப் சற்றே தள்ளாடுவதால் அந்தப் புல்லாங்குழலில் ஒரு நடுக்கம் ஒட்டிக்கொள்ளும். ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ தொடங்கும்போது கேட்பது அதுதான். டெம்பிள்ஸ் ஆல்பத்தில் பின்னால் மூடுபனியாக எழும் வயலின் கூட்டமும் இந்தச் சாயல்தான்.

படி 3: ஒரு பாட்டைப் பிரித்துக் கேட்பது

பீட்டில்ஸின் ‘ரிவால்வர்’ ஆல்பத்தில் கடைசிப் பாட்டு ‘டுமாரோ நெவர் நோஸ்’. மூன்று நிமிடம்தான். 1966 ஏப்ரலில் அந்த ஆல்பத்துக்காக முதலில் பதிவுசெய்யத் தொடங்கிய பாட்டும் இதுவே. மேலே சொன்ன சத்தங்களில் பாதிக்கு மேல் இதற்குள்ளேயே இருப்பதால், இந்த ஒரு பாட்டுக்கு ஒரு மாலையை ஒதுக்கலாம் என்பேன்.

முதலில் டிரம்ஸ். ரிங்கோ ஸ்டார் ஒரே அச்சில் சுற்றிச் சுற்றி அடிக்கிறார், மாற்றமே இல்லை. பொறியாளர் ஜெஃப் எமெரிக்குக்கு அப்போது 20 வயது. கூடத்தின் விதிமுறையை மீறி மைக்கை டிரம்முக்கு மிக அருகில் கொண்டுபோய், பெரிய டிரம்முக்குள் ஒரு கம்பளி ஸ்வெட்டரைத் திணித்தார். அந்தக் கனமான, அடங்கிய அடி இன்றைய குழுக்களில் பாதிப் பேர் இன்னும் தேடிக்கொண்டிருக்கும் அடி.

அடுத்த தடவை தம்புராவையும் பேஸையும். பாட்டு கிட்டத்தட்ட முழுக்கவும் ‘சி’ என்ற ஒரே கார்டில் நிற்கிறது. மேலே வேறு ஒரு கார்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போகும், அடித்தளம் அசையாது.

மூன்றாவது தடவை, பறவை கத்துவதுபோல் ஒன்று கேட்கும். அது பால் மெக்கார்ட்னியின் சிரிப்பு, வேகம் கூட்டி ஓட்டியது. இப்படிச் சின்னச் சின்ன டேப் துண்டுகளை வளையமாக ஒட்டிக் கொண்டுவந்திருந்தார் அவர். கட்டடத்தின் பல அறைகளில் இருந்த எந்திரங்களில் ஐந்து வளையங்களை ஓடவிட்டு, டேப் தொய்ந்துவிடாமல் ஊழியர்கள் பென்சிலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மிக்சிங் மேசையில் இருந்தவர்கள் ஒவ்வொன்றையும் ஏற்றி இறக்கினார்கள். அந்த ஏற்ற இறக்கத்தை அதேபோல் இன்னொரு முறை செய்யவே முடியாது.

நான்காவது தடவை குரல். நடுவில் திருப்பிப் போட்ட கிட்டார் வந்து போகும். அதற்குப் பிறகு லெனனின் குரல் வேறு மாதிரி ஆகிவிடுவதைக் கவனியுங்கள். ஹாமண்ட் ஆர்கனோடு வரும் லெஸ்லி என்ற சுழலும் ஸ்பீக்கருக்குள் குரலை அனுப்பி, வெளியே வந்ததை மறுபடி பதிந்தார்கள். மலை உச்சியிலிருந்து மந்திரம் ஓதுவதுபோல் கேட்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம்.

படி 4: நீங்களே செய்து பாருங்கள்

இசைக்கருவி எதுவும் தெரிய வேண்டியதில்லை. ஆடாசிட்டி மாதிரி இலவச ஒலித் தொகுப்பு மென்பொருள் ஒன்றும், ஃபோனிலேயே இருக்கும் மைக்கும் போதும். இந்தப் படியைத் தாண்டிவிடலாம் என்று தோன்றும். தாண்ட வேண்டாம். ஒருமுறை கையால் செய்த சத்தத்தைக் காது அப்புறம் எங்கே கேட்டாலும் கண்டுகொள்ளும்.

ஏதாவது ஒரு வரியைப் பத்து விநாடி பாடிப் பதிவுசெய்யுங்கள். அந்த டிராக்கை ஒரு நகல் எடுத்து, நகலை 30 முதல் 40 மில்லிவிநாடி பின்னால் தள்ளி, இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். டவுன்செண்டின் இரட்டைக் குரல் கிடைத்துவிட்டது. இப்போது நகலை மறுபடி மூலத்தோடு சரியாகப் பொருத்தி, நகலின் வேகத்தை மட்டும் 0.1 சதவீதம் குறையுங்கள். பத்து விநாடியில் இரண்டும் மெல்ல மெல்ல விலகி 10 மில்லிவிநாடி இடைவெளிக்கு வரும். அந்த விலகலில் உங்கள் குரல் மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு போகும் பாருங்கள், அதுதான் ‘இட்சிகூ பார்க்’கில் கேட்டது. குரலைவிட டிரம்ஸ், கைதட்டல், மழைச் சத்தம் மாதிரி எல்லா அதிர்வெண்களும் கலந்த ஒலியில் இது இன்னும் துல்லியமாகத் தெரியும்.

அப்புறம் ஒரு கைதட்டலைத் திருப்பிப் போடுங்கள். உங்கள் குரலின் வேகத்தைப் பாதியாக்குங்கள்: நேரம் இரட்டிப்பாகும், சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும், நீங்கள் வேறு யாரோ ஆகிவிடுவீர்கள். ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்’ பாட்டில் இரண்டு வெவ்வேறு பதிவுகளை ஒட்டியிருக்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு சுருதி, வெவ்வேறு வேகம். ஒன்றின் வேகத்தைக் கூட்டி மற்றதைக் குறைத்தபோது இரண்டும் ஒரே இடத்தில் வந்து பொருந்தின. பாட்டு தொடங்கிச் சுமார் ஒரு நிமிடத்தில் அந்த ஒட்டு இருக்கிறது. தேடிப் பாருங்கள், குரலின் நிறம் சட்டென்று இருண்டுபோகும்.

படி 5: மறுபடியும் டெம்பிள்ஸ்

இப்போது ‘சன் ஸ்ட்ரக்சர்ஸ்’ ஆல்பத்துக்குத் திரும்புங்கள். ‘ஷெல்டர் சாங்’கின் கிட்டாரில் பேர்ட்ஸ் கேட்கும். ‘சாண்ட் டான்ஸ்’ பாட்டின் கிழக்கத்திய வளைவு எங்கிருந்து வருகிறது என்பது தெரியும். எது பழையது இல்லை என்பதும் சேர்ந்தே தெரியும், அதுதான் முக்கியம். 1966ன் டிரம்ஸ் ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கும், இங்கே நடுவில் வந்து நெஞ்சில் அடிக்கிறது. நாலு டிராக் தீர்ந்ததும் எல்லாவற்றையும் கலந்து ஒரே டிராக்காகச் சுருக்கி, காலியான இடத்தில் மேலும் பதிவது பீட்டில்ஸ் காலத்து வழக்கம். ஒவ்வொரு கலவைக்கும் ஒலி கொஞ்சம் மங்கும், கலந்ததைப் பிரிக்கவும் முடியாது. பேக்‌ஷாவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இருந்தும், ஒலி ஒன்றோடொன்று கரைந்து போகும் அந்தக் குணத்தை வேண்டுமென்றே கொண்டுவருகிறார்.

புதுப்பிக்கும் ஒரு குழு நல்ல குழுவா என்று எப்படிப் பார்ப்பது? நான் முதலில் செய்வது எக்கோவையும் ஃபஸ்ஸையும் மனதுக்குள் கழற்றிவிட்டு மெட்டை முணுமுணுத்துப் பார்ப்பது. எதுவும் மிஞ்சவில்லை என்றால் அந்தப் பாட்டு அலங்காரம் மட்டும்தான். டெம்பிள்ஸ் பாட்டுகளில் மெட்டு மிஞ்சும். அடுத்து, டிரம்ஸ் கலைஞர் நம்மை நகரவைக்கிறாரா? அறுபதுகளின் நல்ல குழுக்கள் எல்லாமே முதலில் ஆட்டத்துக்கு வாசித்த குழுக்கள். காலத்தை நிறுத்தும் இசைக்கும் தாளம் ஓட வேண்டும். இதை மறந்துவிட்டு வெறும் புகைமூட்டமாக வாசிக்கும் குழுக்கள் இன்று ஏராளம், அவற்றுக்கு நேரம் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

டெம்பிள்ஸ் அதே இடத்தில் நிற்கவுமில்லை. 2017ன் ‘வால்கேனோ’வில் சிந்தசைசர் பக்கம் நகர்ந்தார்கள். 2023ல் வந்த ‘எக்ஸோடிகோ’வைத் தயாரித்தவர் ஷான் ஓனோ லெனன், அதாவது அந்த லெஸ்லி ஸ்பீக்கருக்குள் பாடியவரின் மகன்.

படி 6: பழைய ஆல்பங்கள், எந்த வரிசையில்

‘ரிவால்வர்’ முழுவதையும் கேட்டுவிடுங்கள். அடுத்து ஸோம்பீஸ் குழுவின் ‘ஒடெஸி அண்ட் ஆரக்கிள்’ (1968). டெம்பிள்ஸ் பிடித்தவர்களுக்கு இதைவிட நெருக்கமான பழைய ஆல்பம் எனக்குத் தெரிந்து இல்லை. மெல்லோட்ரானும் குரல் அடுக்கும் அவ்வளவு அழகு. பிறகு லவ் குழுவின் ‘ஃபாரெவர் சேஞ்சஸ்’ (1967): ஃபஸ் மிகக் குறைவு, சாதாரண கிட்டாரும் வயலின்களும் ட்ரம்பெட்டும்தான், ஆனாலும் உள்ளுக்குள் ஓர் அச்சம் ஓடிக்கொண்டே இருக்கும்.

இதற்குப் பிறகு பிங்க் ஃபிளாய்டின் முதல் ஆல்பம், 1967 ஆகஸ்டில் வந்தது. பீட்டில்ஸ் ‘சார்ஜென்ட் பெப்பர்’ பதிந்துகொண்டிருந்த அதே நாட்களில், அதே கட்டடத்தில் பதிவானது. தயாரித்த நார்மன் ஸ்மித், அதற்கு முன் பீட்டில்ஸின் பொறியாளர். குழுவின் பாடகர் சிட் பாரெட் எழுதிய சின்னப் பாட்டுகளை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்பதரை நிமிடத்துக்கு மேல் ஓடும் ‘இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்’ கடைசியில் இருக்கட்டும்.

‘நகெட்ஸ்’ என்று 1972ல் லென்னி கே தொகுத்த இரட்டை இசைத்தட்டு ஒன்று உண்டு. பெரும்பாலும் ஒன்றிரண்டு பாட்டுகளுக்காக மட்டுமே அறியப்பட்ட அமெரிக்கக் குழுக்களின் 27 பாட்டுகள். பின்னால் வந்த அத்தனை புதுப்பிப்புகளுக்கும் விதைநெல் இதுதான். பிரேசிலின் ஊஸ் முட்டாண்டிஸ் 1968ல் வெளியிட்ட முதல் ஆல்பத்தையும் விட்டுவிடாதீர்கள். ராணுவ ஆட்சியின் கீழ் இவ்வளவு குறும்பும் துணிச்சலும் உள்ள இசை வந்திருக்கிறது என்பதே பெரிய விஷயம்.

போதைப்பொருள் பற்றி

இந்தக் கேள்வி யாருக்கும் வரும், அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். எல்எஸ்டியோடு இந்த இசைக்கு இருந்த தொடர்பு வரலாறு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கேட்பதற்கு அது தேவையே இல்லை. மேலே பார்த்த ஒவ்வொரு சத்தமும் கத்தரிக்கோலும் ஒட்டும் டேப்பும் பொறுமையும் கொண்டு விழிப்போடு உட்கார்ந்து செய்தது. தன் இசையைப் போதையோடு சேர்த்துப் பேசுவதை ரவிசங்கர் வெளிப்படையாகக் கண்டித்தார். போதைக்குச் சிலர் கொடுத்த விலையும் சின்னதில்லை: மனநிலை குலைந்து சிட் பாரெட் 1968ல் பிங்க் ஃபிளாய்டை விட்டுப் போனார். டெக்சஸின் பாடகர் ராக்கி எரிக்சன் 1969ல் கஞ்சா வழக்கில் கைதாகி, சிறைக்குப் பதிலாக மனநல மருத்துவமனையில் 1972 வரை அடைபட்டுக் கிடந்தார்.

படி 7: மற்ற புதிய குழுக்கள்

ராக்கி எரிக்சனின் குழு தர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ். ஊர் ஆஸ்டின். 1966ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் ‘குபுகுபு’ என்று ஒரு விநோதச் சத்தம் விடாமல் ஓடும். டாமி ஹால் மைக்கோடு சேர்த்து ஊதிய மண் ஜாடி அது. அதே ஆஸ்டினில் 2004ல் தொடங்கியது பிளாக் ஏஞ்சல்ஸ். முதல் ஆல்பம் ‘பாஸோவர்’ (2006), கனமும் இருட்டுமான இசை. இவர்கள் 2008ல் எரிக்சனுக்குப் பின்னால் நின்று அவருடைய பழைய பாட்டுகளை மேடை மேடையாக வாசித்தார்கள். அதே ஆண்டில் ஆஸ்டின் சைக் ஃபெஸ்ட் என்ற விழாவையும் தொடங்கினார்கள், பின்னாளில் அதன் பெயர் லெவிடேஷன் ஆனது. எரிக்சன் 2019ல் இறந்தார். வாழும்போதே அவருக்கு மேடையைத் திருப்பிக் கொடுத்தார்கள். புதுப்பித்தல் என்றால் எனக்கு முதலில் இவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள்.

ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் கெவின் பார்க்கர் தனியாளாகவே பெரும்பாலான கருவிகளை வாசித்துப் பதிவது டேம் இம்பாலா. ‘இன்னர்ஸ்பீக்கர்’ (2010), ‘லோனரிசம்’ (2012) இரண்டையும் இந்த வரிசையிலேயே கேளுங்கள். ஃப்ளாஞ்சிங் உங்களுக்கு இப்போது தெரியும் என்பதால் முதல் நிமிடத்திலேயே பிடித்துவிடுவீர்கள்.

பாட்டு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. ஸ்வீடனின் டுங்கன் தங்கள் மொழியில்தான் பாடுகிறார்கள், ‘தா தெத் லுங்ன்ட்’ (2004) அருமையான ஆல்பம். டோக்கியோவின் கிககாகு மோயோ 2012ல் தெருவில் வாசிக்கத் தொடங்கிய குழு. அதன் சிதார் கலைஞர் ரியூ குரோசாவா இந்தியாவில் மணிலால் நாகிடம் பயின்றவர். அறுபதுகளில் சிதார் பல பாட்டுகளில் மேலே தூவிய வாசனையாகத்தான் இருந்தது. இவர்களிடம் அது குழுவின் உள்ளே உட்கார்ந்து உரையாடுகிறது. ‘ஹவுஸ் இன் த டால் கிராஸ்’ (2016) ஆல்பத்தில் தொடங்குங்கள். 2022ல் குழு கலைந்துவிட்டது. துருக்கிய நாட்டுப்பாடல்கள் பக்கம் போக வேண்டுமென்றால் ஆம்ஸ்டர்டாமின் ஆல்டின் கூன்.

மெல்பேர்னின் கிங் கிஸ்ஸார்ட் அண்ட் த லிஸார்ட் விஸார்ட் 2017ல் மட்டும் ஐந்து ஆல்பம் வெளியிட்டார்கள். அதில் ஒன்று, ‘ஃப்ளையிங் மைக்ரோடோனல் பனானா’, கால் சுர இடைவெளிகளுக்காகக் கூடுதல் கட்டுகள் போட்ட கிட்டாரில் வாசித்தது. இவர்கள் ஆல்பங்கள் எண்ணிக்கையில் மலைக்கவைக்கும், ஆகவே கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மேடையில் கேட்பது

வாய்ப்புக் கிடைத்தால் இந்தக் குழுக்களில் ஒன்றையாவது நேரில் கேளுங்கள். ஆல்பத்தில் நாலு நிமிடமாக இருக்கும் பாட்டு மேடையில் இரண்டு மடங்கு நீளலாம், அந்த நீட்சிக்காகத்தான் போவது. பல குழுக்கள் அறுபதுகளின் திரவ ஒளிக்காட்சியையும் வைத்திருக்கின்றன: கண்ணாடித் தட்டுகளுக்கு நடுவே நிறம் கலந்த எண்ணெயும் தண்ணீரும், கீழிருந்து புரொஜெக்டர் வெளிச்சம், தட்டை அசைக்கிறவர் தாளத்தைப் பார்த்துக்கொண்டே அசைப்பார். நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் 1968ல் ஜோஷுவா லைட் ஷோ செய்துகொண்டிருந்தது இதையேதான்.

மேடைக்கு நேர் முன்னால் நிற்காமல் ஒலிப்பொறியாளரின் மேசைக்கு அருகில் நில்லுங்கள். அவர் கேட்பதை வைத்துத்தான் மிக்ஸ் செய்கிறார், அங்கேதான் எல்லாம் சரியாகச் சேரும். காதடைப்பான் ஒரு ஜோடி கையோடு கொண்டுபோங்கள். ஃபஸ் முழு ஒலியில் இரண்டு மணி நேரம் ஓடினால் காது அடுத்த நாளும் இரையும், அது காதுக்கு நிரந்தரமாகவே கெடுதல் செய்யக்கூடியது.